பனிப்பாலையும் இரு காதலரும்

வடதுருவப் பிரதேசத்தின் மீது கதை சொல்பவர்களுக்கு வெகு காலமாகவே ஒரு மோகம் இருந்து வருகிறது. மனிதர்கள் நெருக்கமாக வாழும் ஊர்களில் காதலை வைத்து எழுதி அலுத்த கதாசிரியன், தன் பாத்திரங்களின் உள்ளத்துக் காயத்தை உற்றார் உறவினர், தொழில், வழக்கு என்ற எந்தத் திரையும் குறுக்கிடாமல் காட்ட ஆசைப்படுகிறபோது, அவர்களை அப்படியே தூக்கிச் சென்று பனியின் நடுவில் நிறுத்திவிடுகிறான். 1818-ல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் மேரி ஷெல்லி, படைத்தவனையும் அவன் படைத்த பூதத்தையும் கடைசியில் உறைந்த வடகடலுக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1998-ல் ஸ்பெயின் தேசத்து டைரக்டர் ஹூலியோ மெடெம், சிறு பிராயம் முதல் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வந்தும் சேர முடியாமற்போன ஆனா, ஓட்டோ என்ற இருவரை, நள்ளிரவிலும் சூரியன் மறையாத பின்லாந்தின் வடகோடியில் சந்திக்க வைக்க முயன்றார். 2016-ல் கனடா நாட்டு டைரக்டர் கிம் நுயென் எடுத்த 'டூ லவ்வர்ஸ் அண்ட் எ பேர்', அதாவது இரு காதலரும் ஒரு கரடியும் வரும் படம், இந்தப் பரம்பரையில் வந்ததே. அந்தப் படத்தை முன்னிட்டு, காதலுக்கும் அது நிகழும் நிலத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கதை சுருக்கமானது. துருவத்தை நெருங்கிய ஒரு குடியிருப்பு; சுமார் 200 பேர் வாழும் ஊர். ரோமன் என்ற இளைஞனும் லூசி என்ற பெண்ணும் தென்திசையிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்கள். வந்தவர்கள் என்பதைவிட, ஓடி வந்தவர்கள் என்பதே பொருந்தும். இருவருக்கும் தகப்பன் என்ற சொல்லே பயத்தின் பெயர். ரோமனின் தகப்பன் முரடன். லூசியின் தகப்பனோ இறந்துபோனவன். ஆயினும் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும் உருவமாகப் பின்தொடர்ந்து வருகிறான். தென்திசையிலுள்ள சர்வகலாசாலையில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி லூசிக்கு வருகிறது. சாதாரணக் குடும்பத்தில் இனிப்பு வழங்கிக் கொண்டாட வேண்டிய அந்தச் செய்தி, எந்தத் திசையிலிருந்து தப்பி வந்தானோ அந்தத் திசைக்கே திரும்ப வேண்டும் என்பதால், ரோமனைத் தன்னையே அழித்துக்கொள்ளும் விளிம்புவரை கொண்டுபோய்விடுகிறது. கடைசியில் இருவரும் சேர்ந்தே புறப்படுவது என்று முடிவு செய்து, ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டிகளில் ஏறி, சாலையற்ற வெண்பரப்பில் தெற்கு நோக்கிப் பிரயாணம் தொடங்குகிறார்கள். அந்தப் பிரயாணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் படம் பார்க்கப்போகிறவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

இந்தப் படத்தின் விசேஷம் அதன் கரடி. கற்பனைக் கதைகளில் பேசும் பிராணிகள் வந்தால், அதற்கு முன்னேற்பாடாக ஒளி மாறும், சங்கீதம் மாறும், இது கனவு என்று ரஸிகனுக்கு ஜாடை காட்டப்படும். நுயென் அப்படி எதுவும் செய்வதில்லை. பனிக்கரடி வருகிறது, ரோமனுடன் பேசுகிறது, உலகத்தைப் பார்த்துச் சலித்த ஒரு முதியவரின் குரலில், அரைகுறை வேடிக்கையும் அரைகுறை விரக்தியுமாகப் பேசுகிறது. அதற்குக் குரல் கொடுத்தவர் கனடாவின் பழம்பெரும் நடிகரான கார்டன் பின்சென்ட். நினைவிழந்து வரும் மனைவியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அவள் மனம் வேறொருவர்பால் செல்வதைப் பொறுத்துக்கொள்ளும் முதிய கணவராக 2006-ல் 'அவே ஃபிரம் ஹெர்' என்ற படத்தில் நடித்தவர் அவர். காதலின் கடைக்கோடித் துயரத்தை அறிந்த அதே குரல், காதலின் தொடக்கத்திலேயே தடுமாறுகிற ஓர் இளைஞனிடம் மிருக வடிவில் வந்து பேசுவது, டைரக்டர் வேண்டுமென்றே செய்ததோ தற்செயலோ, வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது.

லூசியாக நடித்த தாதியானா மஸ்லானியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'ஆர்பன் பிளாக்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரே முகம் கொண்ட பல பெண்களாகத் தோன்றி, அதே 2016-ல் எம்மி விருது பெற்றவர் அவர். இங்கே ஒரே பெண்ணுக்குள் இருக்கும் பலரைக் காட்டுகிறார்: படிக்கப் போக வேண்டும் என்று துடிக்கிறவள் ஒருத்தி, இவனை விட்டுப் போனால் இவன் பிழைக்கமாட்டான் என்று அஞ்சுகிறவள் ஒருத்தி, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற தகப்பன் உருவத்தைக் கண்டு உறைந்து நிற்கும் சிறுமி ஒருத்தி. டேன் டிஹான் நடித்த ரோமனும் அவளும் ஒருவரையொருவர் நேசிப்பதில் நமக்கு எந்தச் சந்தேகமும் எழுவதில்லை. நேசம் இருந்தால் நோய் தீர்ந்துவிடும் என்ற பொய்யை மட்டும் படம் சொல்வதில்லை. அந்த நேர்மைக்காகவே அதை மதிக்கிறேன். எத்தனையோ காதல் படங்களில், பெண்ணின் அன்பு ஆணின் குடியை நிறுத்திவிடுகிறது. ஆணின் அணைப்பு பெண்ணின் பழைய பயத்தைத் துடைத்துவிடுகிறது. வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் திரையில் பார்த்துக் கைதட்டுகிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு இந்தப் படத்தின் மீது ஒரு பெரிய ஆட்சேபம் இருக்கிறது. அந்த ஆட்சேபத்தின் சாரம் இதுதான்: ரோமனும் லூசியும் தங்கள் காயத்தைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிற நிலம் ஒரு வெற்றுத்தாள் என்று படம் நினைத்துவிட்டது.

படமெடுக்கப்பட்ட நுனாவுட் பிரதேசம் வெற்றுத்தாள் அன்று. ஏறத்தாழ இருபது லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது கனடாவின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கொண்ட அந்தப் பிரதேசம், இனுயிட் மக்கள் பல ஆண்டுகள் பேசிப் போராடிப் பெற்ற உடன்படிக்கையின் பயனாக 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப் பகுதியாக உருவாயிற்று. அங்கே சுமார் 40,000 பேரே வாழ்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இனுயிட். அவர்கள் பேசும் இனுக்டிடுட் மொழி அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. பாஃபின் தீவிலுள்ள தலைநகரம் இக்காலுயிட்டில் சட்டசபை இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, வாடகைக் கார்கள் ஓடுகின்றன. ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலை கிடையாது. விமானம் அல்லது கோடைக்காலக் கப்பல், இல்லாவிட்டால் பனிவண்டி. இந்த ஜனங்கள் படத்தில் வராமலில்லை. வருகிறார்கள், இரண்டொரு வார்த்தை பேசுகிறார்கள், உதவி செய்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்களுடைய நிலத்திலே நடக்கும் கதையில் அவர்களுக்கு மனம் என்ற ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழ் அகப்பொருள் இலக்கணத்தோடு பழகிய வாசகருக்கு இந்தக் குறை என்ன என்பது சட்டென்று விளங்கும். நம்முடைய இலக்கணக்காரர்கள் ஒரு காதல் கவிதைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றை வகுத்தார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். காதலின் மனநிலை உரிப்பொருள். இவ்விரண்டுக்கும் நடுவே, அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருளை வைத்தார்கள். நிலத்திலிருந்து உணர்ச்சிக்கு நேராகத் தாவ முடியாது. அந்த மண்ணில் வாழ்கிறவர்கள் எதை உண்கிறார்கள், எதை வணங்குகிறார்கள், எதைக் கொட்டி ஆடுகிறார்கள் என்ற பாலத்தின் மேல் நடந்துதான் போக வேண்டும் என்ற ஞானம் அந்த வகுப்பில் இருக்கிறது. நுயென் படத்தில் பனியும் நீண்ட இரவும் இருக்கின்றன. தாங்க முடியாத பிரிவச்சமும் இருக்கிறது. நடுவிலுள்ள கருப்பொருளில் கரடி ஒன்றைத் தவிர மற்ற யாவும் விடுபட்டுப் போயின. அந்தக் கரடியும் இனுயிட் மக்களின் கரடி அன்று. ரோமனின் சொந்தக் கரடி.

பனிவண்டியில் இருவரும் புறப்படுவதைப் பார்த்தபோது, தலைவனும் தலைவியும் பாலை வழியே உடன்போக்காகச் செல்லும் அகப்பாடல் மரபு எனக்கு நினைவுக்கு வந்தது. பாலை என்பது தனி நிலம் அன்று, குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே அது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது; குளிரால் இயல்பு திரிந்த நிலத்தையும் அவ்வாறே பாலை என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பழைய உடன்போக்கில் காதலர் இருவர் மட்டும் இருப்பதில்லை. வழியில் காண்பவர்கள் இருக்கிறார்கள். கண்டோர் என்றே அவர்களுக்கு ஒரு பாத்திர ஸ்தானம் கொடுத்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, வழி கொடியது, எங்கள் ஊரில் தங்கிப் போங்கள் என்று முன்பின் தெரியாத இருவரைப் பார்த்து இரக்கப்படுகிறவர்கள் அவர்கள். கொடும் பாலையிலும் ஊர் உண்டு, அந்த ஊருக்கு வாய் உண்டு என்பது அந்தக் கவிகளுக்குத் தெரிந்திருந்தது. ரோமனும் லூசியும் போகும் பாலையில் கண்டோர் இல்லை.

வடதிசையைக் கனவாகக் கண்டு, கனவிலிருந்து ஜனங்களை நீக்கிவிடுவது நுயென் ஒருவர் செய்த காரியமும் அன்று. இந்தப் படத்தின் அதீதக் கற்பனைக்கு மூதாதையரான சர்ரியலிஸ்டுகளே இதைத் தொடங்கி வைத்தார்கள். 1929-ல் பெல்ஜியத்துச் சஞ்சிகை ஒன்றில் அவர்கள் ஓர் உலகப்படத்தை வெளியிட்டார்கள். அதில் தங்களுக்குப் பிடித்த நாடுகளைப் பெருக்கிவிட்டு, பிடிக்காதவற்றைச் சுருக்கினார்கள் அல்லது அழித்தார்கள். அலாஸ்காவும் லாப்ரடாரும் பிரம்மாண்டமாக வீங்கி நின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளோ மறைந்தே போயின. பிறகு யுத்த காலத்தில் நியூயார்க்கில் அகதிகளாக வாழ்ந்தபோது, ஆந்த்ரே பிரெத்தோன், மாக்ஸ் எர்ன்ஸ்ட் முதலியோர் ஜூலியஸ் கார்ல்பாக் என்பவரின் புராதனப் பொருட்கடைக்குப் போய், அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் சடங்கு நடனங்களுக்காகச் செய்த முகமூடிகளை ஆசையோடு வாங்கினார்கள். அந்த முகமூடிகளின் சௌந்தரியத்தைக் கண்டுகொண்ட ரஸனை உயர்ந்த ரஸனைதான். ஆயினும் முகமூடி சுவரில் தொங்கியது. அதை அணிந்து ஆடியவனும், அவன் ஆடிய காரணமும், கொட்டிய பறையும் கடைக்கு வெளியே நின்றுவிட்டன.

சினிமாவில் இந்த வழக்கத்தின் ஆதிநூல் 1922-ல் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி எடுத்த 'நானுக் ஆஃப் தி நார்த்'. கியூபெக்கின் வடபகுதியிலுள்ள இனுக்ஜுவாக் அருகே, தோல் வியாபாரம் செய்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பணத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், நானுக் என்று காட்டப்பட்டவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். துப்பாக்கியால் வேட்டையாடிப் பழகியிருந்தவர்களைப் பழைய ஈட்டியால் வேட்டையாடச் செய்தார்கள். காமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பாதி திறந்த பனிவீடு கட்டினார்கள். கதாநாயகனின் மனைவியராகத் தோன்றியவர்கள் அவருடைய மனைவியர் அல்லர். இவையெல்லாம் சினிமா சரித்திரம் படித்தவர்கள் அறிந்தவை. அதிகம் பேசப்படாத விஷயம் வேறொன்று. படத்தில் நைலா என்ற பெயரில் நடித்த இனுயிட் பெண்ணுக்கும் ஃப்ளாஹெர்ட்டிக்கும் ஒரு மகன் பிறந்தான். ஜோசஃபி என்று பெயர். தகப்பன் ஊர் திரும்பி உலகப்புகழ் பெற்றார். மகனைப் பார்க்க அவர் ஒருபோதும் வரவில்லை.

அந்த மகனின் கதை அத்துடன் முடியவில்லை. 1953-லும் 1955-லும் கனடா அரசாங்கம் இனுக்ஜுவாக்கிலிருந்து பல குடும்பங்களை, நல்ல வேட்டை கிடைக்கும் என்று ஆசை காட்டி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே ரெஸலூட், கிரைஸ் ஃபியர்ட் என்ற இடங்களுக்குக் குடிபெயர்த்தது. மாதக்கணக்கில் சூரியன் எழாத இருளுக்கும், பழகாத வேட்டைக்கும், போதாத உணவுக்கும் அவர்கள் ஆளாகித் தவித்தார்கள்; விரும்பினால் திரும்பலாம் என்று கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. யாருமற்ற வடகோடியில் கனடாவின் உரிமையை நிலைநாட்ட மனிதக் கொடிகளாக அவர்கள் நாட்டப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் ஒலித்து, 2010-ல் அரசாங்கம் முறைப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களுள் ஜோசஃபி ஃப்ளாஹெர்ட்டியும் ஒருவர். ஆர்க்டிக்கில் துன்புற்ற காதலும், கைவிட்ட தகப்பனும், வடகோடிக்கு நீண்ட கட்டாயப் பிரயாணமும் சேர்ந்த கதை வேண்டுமென்றால், அது கற்பனை எதுவும் தேவைப்படாமல் அங்கேயே நடந்து முடிந்திருக்கிறது.

நுயென் படத்தில் இன்னொரு கட்டம். புயலுக்கு ஒதுங்கும் காதலர் இருவரும் கைவிடப்பட்ட ஒரு ராணுவ நிலையத்துக்குள் நுழைகிறார்கள். அங்கே லூசியைத் தொடரும் உருவத்தின் பயங்கரம் உச்சம் அடைகிறது. படத்தின் மிகத் திறமையான பகுதி அதுவே. அத்தகைய நிலையங்கள் கற்பனை அல்ல. ரஷ்ய விமானங்கள் துருவத்தைக் கடந்து வந்தால் முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்காக, 1950-களில் அமெரிக்காவும் கனடாவும் அலாஸ்காவிலிருந்து பாஃபின் தீவு வரை ரேடார் நிலையங்களின் சங்கிலி ஒன்றை நிறுவின. வேட்டையாடி ஊர் ஊராக வாழ்ந்தவர்கள் கூலி வேலைக்காக அவற்றின் அருகே வந்து தங்கினார்கள். காலம் மாறியது; பல நிலையங்கள் மூடப்பட்டன; எண்ணெய்ப் பீப்பாய்களும் நச்சு ரசாயனங்களும் மண்ணில் மிஞ்சின; அவற்றைச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகளும் பெருந்தொகையும் செலவாயின. அந்தச் சுவர்களுக்குச் சொந்தப் பேய்கள் எத்தனையோ இருக்க, நுயென் லூசியின் தகப்பனை மட்டும் அங்கே உலாவ விடுகிறார். கட்டடத்தின் சரித்திரத்தையும் பெண்ணின் சரித்திரத்தையும் ஒரே இருட்டில் சந்திக்க வைத்திருந்தால், படம் வெகு உயரத்துக்குப் போயிருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது வேறு விஷயம். தகப்பனால் கெடுக்கப்பட்ட மகளின் கதையைச் சொல்ல நுயென் பனிநிலத்துக்குப் போனார்; அந்த நிலத்தின் மூலக்கதைகளுள் ஒன்றே தகப்பனால் கெடுக்கப்பட்ட மகளின் கதைதான். கடலடியில் வாழ்ந்து கடல்விலங்குகள் யாவற்றையும் ஆளும் பெண்தெய்வத்தைச் செட்னா என்றும் நுலியாஜுக் என்றும் இனுயிட் மக்கள் அழைக்கிறார்கள். 1883-84-ல் பாஃபின் தீவில் தங்கியிருந்த மானிடவியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸ் இந்தக் கதையைக் கேட்டுப் பதிவு செய்தார். பல பாடங்கள் உண்டு, சாரம் ஒன்று. மனிதனாக உருமாறி வந்த கடற்பறவையை மணந்து துன்புற்ற மகளைத் தகப்பன் படகில் மீட்டு வருகிறான். பறவைகள் புயலை எழுப்புகின்றன. தன் உயிரைக் காத்துக்கொள்ள அவன் மகளைக் கடலில் தள்ளுகிறான். படகின் விளிம்பைப் பற்றிய அவள் விரல்களைக் கணுக்கணுவாக வெட்டுகிறான். வெட்டுண்ட விரல்கள் சீல்களாகவும் வால்ரஸ்களாகவும் திமிங்கிலங்களாகவும் ஆகின்றன. அவள் கடலடிக்குப் போய்த் தெய்வமாகிறாள்.

அதன் பிறகு வரும் பகுதியில்தான் அந்த ஜனங்களின் மேதை தெரிகிறது. மனிதர்கள் மரபுகளை மீறித் தவறு செய்யும்போது, அந்த அசுத்தம் செட்னாவின் தலைமயிரில் போய்ச் சிக்குகிறது. விரல்கள் இல்லாத அவளால் தன் கூந்தலைத் தானே வாரிக்கொள்ள முடிவதில்லை. அவள் கோபத்தில் விலங்குகளை மறைத்து வைக்கிறாள். ஊரில் பஞ்சம் வருகிறது. அப்போது அங்கக்குக் என்னும் மந்திரவாதி, ஊர் கூடியிருக்கும் சபையில், ஆவி வடிவில் கடலுக்கு அடியில் இறங்கிப் போய், அவளருகே அமர்ந்து, சிக்கெடுத்துத் தலைவாரிச் சமாதானம் செய்கிறான்; மேலே ஊரார் தங்கள் தங்கள் பிழைகளை வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு அவள் தகப்பன் செய்த தீங்கு அவளுடைய தனித் துக்கமாகவோ அவளை நேசிக்கும் ஒருவனுடைய பாரமாகவோ அங்கே விடப்படுவதில்லை. அதை ஆற்றுவது ஊரின் கடமையாகிறது. ஆற்றாவிட்டால் ஊருக்கே சோறில்லை. நான் அறிந்தவரையில், வீட்டுக்குள் நடக்கும் கொடுமையைப் பற்றி மனித குலம் சிருஷ்டித்த மிக ஆழ்ந்த கதைகளுள் இது ஒன்று.

நுயெனுக்கு இந்த உண்மை புரியாது என்றும் சொல்ல முடியாது. ஆஸ்கர் பரிந்துரை பெற்ற அவருடைய 'ரெபெல்' என்ற 2012-ஆம் ஆண்டுப் படம், ஆப்பிரிக்க உள்நாட்டுப் போரில் படையாளியாக்கப்பட்ட கொமோனா என்ற சிறுமியின் கதை. தன் கையாலேயே பெற்றோரைச் சுட நிர்ப்பந்திக்கப்பட்ட அந்தச் சிறுமிக்கும் இறந்தவர்கள் கண்ணில் தெரிகிறார்கள். ஆனால் அந்தப் பேய்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு: தங்களை முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்பது. அவளும் பிறந்த கிராமத்துக்குத் திரும்பிப் போய்ச் செய்கிறாள். அங்கே பேய் என்பது ஒரு கடமையின் உருவம். சடங்கு தெரிந்த ஒரு சமூகம் பின்னணியில் இருந்தது. வடக்கே வந்த பிறகு சமூகத்தைக் கழற்றி வைத்துவிட்டதால், லூசியின் பேய்க்குக் கோரிக்கையும் இல்லை, சாந்தியும் இல்லை.

என் ஆட்சேபத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கலைஞன் தன் கதையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வடக்கே வந்து சேரும் தெற்கத்தியர் உண்மையிலேயே பலர். ஆசிரியர்கள், நர்சுகள், போலீஸ்காரர்கள், எதிலிருந்தோ தப்ப வந்தவர்கள் என்று அவர்கள் ஒரு கூட்டம். பக்கத்து வீட்டாரின் மனம் தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகும் அவர்களுடைய தனிமையைக் காட்ட ஒரு படத்துக்கு உரிமையில்லையா என்று கேட்கலாம். உரிமை உண்டு. ஆனால் அவர்களுடைய குருட்டுத்தனத்தைக் காட்டுவது வேறு. காமராவே அந்தக் குருட்டுத்தனத்தில் பங்கு கொள்வது வேறு. 2015 அக்டோபரில் நுனாவுட்டின் முதல்வர், தம் மக்களிடையே தற்கொலை ஒரு நெருக்கடி நிலையை எட்டிவிட்டது என்று பகிரங்கமாக அறிவித்தார். அதிகம் மடிந்துகொண்டிருந்தவர்கள் இனுயிட் இளைஞர்கள். அதற்கு அடுத்த வருஷம் வெளிவந்த ஒரு படம், அதே மண்ணில் நின்று, உயிர்வெறுப்பை இரு வெள்ளையரின் அந்தரங்க அனுபவமாக மட்டும் சித்திரித்தது. அந்த ஊரில் தன்னை அழித்துக்கொள்ள நினைக்கும் ஓர் இளைஞனுக்கு, அதே வேதனையில் மகனைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுத் தாய் ஒருத்தியாவது இருந்திருக்க மாட்டாளா?

அந்த நிலத்தின் காதல் கதையை அந்த நிலத்தாரே சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2001-ல் இக்லூலிக் ஊரைச் சேர்ந்த ஜகாரியஸ் குனுக், 'அதனார்ஜுவாட்' என்ற படத்தை முழுவதும் இனுக்டிடுட் மொழியில், இனுயிட் நடிகர்களை வைத்து எடுத்தார். முதல் படம் எடுக்கும் டைரக்டர்களுக்குக் கான் விழாவில் அளிக்கப்படும் காமெரா தோர் பரிசு அதற்குக் கிடைத்தது. 2015-ல் டொராண்டோ விழாவினர் நடத்திய கருத்துக் கணிப்பில் கனடாவின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கேயும் காதலர்கள் இருக்கிறார்கள். அதனார்ஜுவாட்டும், ஓக்கி என்பவனுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆத்துவாட்டும். அமானுஷ்யம் இருக்கிறது, பழைய மந்திரவாதி ஒருவன் விட்டுச்சென்ற தீமை தலைமுறைகளைப் பிடித்து ஆட்டுகிறது. பொறாமை கொண்ட ஓக்கி கூட்டாளிகளோடு கூடாரத்தைச் சாய்த்துக் குத்தும்போது, அண்ணன் இறக்க, தம்பியான கதாநாயகன் உடம்பில் துணியே இல்லாமல் உறைந்த கடல்மேல் வெறுங்காலோடு ஓடுகிறான். பனியில் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை அதைவிட நன்றாகக் காட்டிய காட்சியை நான் கண்டதில்லை. ஆனால் அந்தக் காட்சியில் பனி எதற்கும் குறியீடு அன்று. எந்த இடத்தில் விரிசல் இருக்கும், எங்கே தாவினால் பிழைக்கலாம் என்று அறிந்தவர்கள் எடுத்த பனி அது.

இரண்டு படங்களுக்கும் உள்ள உண்மையான பேதம் முடிவை நோக்கிய போக்கில் தெரிகிறது. குனுக் படமாக்கிய பழங்கதையில், திரும்பி வரும் நாயகன் பகைவனைக் கொன்று பழிதீர்க்கிறான். குனுக் குழுவினர் அதை மாற்றினார்கள். கொல்லும் தருணத்தில் நாயகன் கையை நிறுத்திக்கொள்கிறான். இத்துடன் கொலை நிற்க வேண்டும் என்கிறான். பிறகு ஊரார் கூடுகிறார்கள். பழைய தீமை விரட்டப்படுகிறது. முதியவளான பனிக்பாக் குற்றவாளிகளை மன்னித்து, ஆனால் ஊரைவிட்டு வெளியேற்றுகிறாள். காதலர்கள் பிழைக்கிறார்கள், அவர்கள் பிழைத்ததற்குக் காரணம் காதல் மட்டும் அன்று, ஊர் தன் நோயைத் தானே பார்க்கத் துணிந்ததும்தான். தகப்பனாலும் வம்சத்தாலும் வந்த கேட்டை இருவர் மட்டும் தனியே சுமந்து தெற்கு நோக்கி ஓடும் கதைக்கும், அதை நடுச்சபையில் வைத்து அறுக்கும் கதைக்கும் உள்ள தூரம், ஆர்க்டிக்குக்கும் தெற்குக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

ஆகையால் என் தீர்ப்பு இதுதான். 'டூ லவ்வர்ஸ் அண்ட் எ பேர்' பார்க்கத் தகுந்த படம். கரடிக்காகவும், மஸ்லானிக்காகவும், காதலை மருந்தென்று விற்காத நேர்மைக்காகவும் பார்க்கத் தகுந்தது. பெரிய படம் என்று சொல்லத் தயங்குகிறேன். ஏனெனில் காயம்பட்ட இருவரை உலகத்தின் ஓரத்துக்கு அனுப்பிய அது, அந்த ஓரம் வேறு பலருக்கு நடுவிடம் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் அதே வாரத்தில் 'அதனார்ஜுவாட்'டையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தூரதேசத்து நிலத்தைத் தம் பாத்திரங்களின் துக்கத்துக்கு மேடையாக்க நினைக்கும் கதாசிரியர்களும், அந்த நிலத்தார் அதே துக்கத்தை முன்பே எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டறிந்த பிறகு பேனாவை எடுக்கட்டும்.